மகனின் எடை கூடியிருக்கிறது, பேச்சு குறைந்திருக்கிறது

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் ஒரு தாய். சொந்த ஊர் மதுரைப் பக்கம். கணவரின் மென்பொருள் வேலைக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு வந்தவர்கள். ஒரே மகன், வயது 19. பள்ளி நண்பர்களோடு பழகி, 17 வயதில் பெற்றோரின் சம்மதத்தோடு, ஊரார் 'மார்மன்' என்று அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஞானஸ்நானம் பெற்றார். கடந்த ஆகஸ்டில், சபையின் போதனையைப் பரப்பும் மிஷனரியாக இரண்டாண்டு ஊழியத்துக்குப் புறப்பட்டார். இப்போது வடக்கு டகோட்டாவில், 1,500 பேர் வசிக்கும் ஓர் ஊரில், ஐடஹோவிலிருந்து வந்த இன்னோர் இளைஞரோடு ஒரு வீட்டின் பேஸ்மென்டில் தங்கியிருக்கிறார்.

திங்கட்கிழமைதோறும் வீடியோவில் பேசுகிறார். முதல் மூன்று மாதம் ஊர்க்கதை எல்லாம் சொன்னவர், டிசம்பரிலிருந்து "ம்", "சரிம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மதியம் தூங்கிப்போகிறார். ஆறு கிலோ எடை கூடியிருக்கிறது. ஜனவரியில் ஒரு நாள் பனி அள்ளிவிட்டு வந்தபோது இடது காலின் இரண்டு விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. ஹீட்டர் முன்னால் காலை நீட்டிக்கொண்டிருந்தபோது அரை மணியில் உணர்வு திரும்பியது. "கன்னம் உப்பியிருக்கு, நல்லாத்தானே சாப்பிடுறான்" என்கிறார் தந்தை. தாய்க்கு மனம் ஒப்பவில்லை. நேரில் போய் அழைத்து வந்துவிடலாமா, சபை அவரை அங்கே வைத்திருப்பது சட்டப்படி செல்லுமா, கால் விரலுக்குப் பாதிப்பு வருமா என்று கேட்கிறார். "குலதெய்வத்துக்கு மொட்டை போட்டு வளர்த்த பிள்ளை, ஒரு வாய் டீகூடக் குடிக்கக் கூடாதாம்" என்ற வரியும் கடிதத்தில் இருக்கிறது.

மனநல மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் முழுவதும் மகனை 'அவன்' என்று எழுதியிருக்கிறீர்கள். தாய்க்கு அதுதான் இயல்பு. நான் 'அவர்' என்றே எழுதுகிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அவருக்கு 19 வயது ஆகிவிட்டது என்பதே பதில்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வருத்தங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, மகனின் உடலும் மனமும் சோர்ந்திருப்பது. மற்றொன்று, அவர் உங்கள் சாமியை விட்டு வேறொரு வழிபாட்டுக்குப் போனது. இரண்டும் உண்மையான வருத்தங்கள்தாம். ஆனால் திங்கட்கிழமைப் பேச்சில் இரண்டும் கலந்து வந்தால், "எனக்கு முடியவில்லை" என்று அவர் வாய் திறப்பது "நீங்கள் சொன்னதுதான் சரி, நான் தேர்ந்தது தப்பு" என்று ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும். அந்த வயதில் எந்தப் பிள்ளையும் அப்படி ஒப்புக்கொள்ள மாட்டான்; முடியாததை மறைத்துவிடுவான். ஆகவே இந்தக் குளிர்காலம் முடியும் வரையிலாவது முதல் வருத்தத்தைப் பற்றி மட்டும் அவரிடம் பேசுங்கள். நானும் இங்கே அதைப் பற்றியே பேசப்போகிறேன்.

எடை கூடியதைப் பற்றி

உங்கள் கணவரின் கணக்கு நம் வீடுகளில் எல்லாரும் போடும் கணக்குதான். மனச்சோர்வு என்றால் பிள்ளை சாப்பிடாமல் இளைத்துப்போவான், தூக்கம் வராமல் புரளுவான் என்று நினைக்கிறோம். குளிர்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வு பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும். தூக்கம் கூடும், எழுந்திருக்கவே முடியாது, ரொட்டி, சீரியல், இனிப்பு என்று மாவுப் பண்டங்களின் மேல் ஆசை வரும், எடை ஏறும், கை கால் ஈயக்குண்டு கட்டியதுபோல் கனக்கும், ஆள் கூட்டத்திலிருந்து ஒதுங்குவார். 1984-இல் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் இதை ஒரு தனி நோய்க்கோலமாக விவரித்தார்கள். நீங்கள் எழுதியிருக்கும் மதியத் தூக்கம், ஆறு கிலோ, "ம்" என்ற ஒற்றை எழுத்து மூன்றும் அந்தக் கோலத்தோடு பொருந்துகின்றன. கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் ஒரு மருத்துவரிடம் காட்டுவதற்கு இது போதுமான காரணம்.

காரணம் குளிரைவிட இருட்டு. அவர் இருக்கும் அட்சரேகையில் டிசம்பர் பிற்பகுதியில் பகல் ஏறத்தாழ 8 மணி 20 நிமிடம்தான். காலை 6:30-க்கு எழவேண்டும் என்பது மிஷனரிகளின் வழக்கமான நேர ஒழுங்கு. அந்த நேரத்தில் அங்கே கும்மிருட்டு. பேஸ்மென்டில் ஜன்னல் தரைமட்டத்தில் ஒரு முழ உயரம் இருக்கும், அதையும் பனி மூடியிருக்கும். மதுரையில் மார்கழி இருட்டில் எழுந்து கோலம் போட்டவர்கள் நாம். ஆனால் அந்த இருட்டு ஆறரைக்குள் கலைந்துவிடும். இது எட்டரை மணி வரை கலையாது, மாலை ஐந்துக்கெல்லாம் திரும்ப வந்துவிடும்.

இதற்கு எளிய சிகிச்சை இருக்கிறது. 10,000 லக்ஸ் ஒளி தரும், புற ஊதாக் கதிரை வடிகட்டும் சிகிச்சை விளக்குப் பெட்டிகள் கிடைக்கின்றன. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், தயாரிப்பாளர் சொல்லும் தூரத்தில் வைத்து, அரை மணி நேரம் அதன் முன் உட்காரவேண்டும். விளக்கை உற்றுப் பார்க்கத் தேவையில்லை. ஒளி கண்ணில் பட்டால் போதும். சாதாரண அறை விளக்கு சில நூறு லக்ஸைத் தாண்டாது, எனவே குழல்விளக்கைக் கூடுதலாகப் போட்டுப் பயனில்லை. பலன் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தெரியும். மிஷனரிகள் காலையில் வேதம் படிக்க நேரம் ஒதுக்குகிறார்கள் அல்லவா, அந்த மேசையிலேயே இதை வைத்துக்கொள்ளலாம். எந்த விதியையும் மீறவேண்டியதில்லை, யாரிடமும் விளக்கம் சொல்லவேண்டியதும் இல்லை. உங்கள் இரு குடும்பங்களிலும் யாருக்காவது இருதுருவ மனநோய் (மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் நோய்) இருந்திருந்தாலோ, மகனுக்கு விழித்திரைக் கோளாறு இருந்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் விளக்கு வாங்க வேண்டாம். முதல் வகையினருக்கு இந்த ஒளி மனத்தை அளவுக்கு மீறி உயர்த்திவிடக்கூடும்.

வைட்டமின் டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்த வடக்கில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலில் நின்றாலும் தோல் அதைத் தயாரிக்காது. நம் நிறத்துக்கு மற்ற மாதங்களிலும் அதிக நேரம் பிடிக்கும். ரத்தப் பரிசோதனை செய்து, குறைவிருந்தால் மாத்திரை எடுக்கட்டும். அது எலும்புக்கு நல்லது. மனச்சோர்வைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. ஊரிலிருந்து 60,000 யூனிட் பாக்கெட்டுகளை வரவழைத்து அனுப்ப நினைத்திருக்கிறீர்கள், வேண்டாம். வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுப்பதைத் தினம் ஒன்று என்று தவறாகச் சாப்பிட்டுச் சிறுநீரகம் கெட்டு வருபவர்கள் உண்டு.

கால் விரல் பற்றி

வெளுத்து மரத்து, அரை மணிக்குள் குறுகுறுப்போடு உணர்வு திரும்பி, கொப்புளம் வராமல் இருந்தால் அது உறைபனிக் காயத்தின் முதல் படி. நிரந்தரப் பாதிப்பு பெரும்பாலும் இருக்காது. ஆனால் அந்த விரல்கள் சில காலம் குளிரை எளிதில் தாங்கா. நம் நிறத்தில் வெளுப்பு சட்டென்று தெரியாது, சாம்பல் பூத்ததுபோல்தான் தெரியும். ஆகையால் நிறத்தை நம்பாமல், உணர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹீட்டர் முன் காலை நீட்டியது தவறு. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோனாலும் தெரியாது. தேய்ப்பதும் பனியை வைத்து உரசுவதும் கூடாது. 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் பதினைந்து முதல் முப்பது நிமிடம் காலை வைக்கவேண்டும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது முழங்கையால் தொட்டுப் பார்ப்பீர்களே, அந்தச் சூடு. மீண்டும் உடனே குளிரில் போகவேண்டியிருந்தால் சூடாக்கவே கூடாது. உருகி மறுபடி உறைவது முதல் உறைவைவிடக் கெடுதல். கொப்புளம் வந்தாலோ, விரல் கல்போல் இறுகியோ கறுத்தோ போனாலோ, அன்றே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும்.

நீங்கள் மூன்று காலுறை போடச் சொன்னதாகவும், உங்கள் கணவர் ஒரு ஸ்பூன் பிராந்தி நல்லது என்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலாவது, அளவான காலணிக்குள் மூன்று காலுறை ரத்த ஓட்டத்தை நெருக்கிக் காலை இன்னும் விரைவில் உறையவைக்கும்; ஒரு தடித்த கம்பளிக் காலுறையும், விரல் அசைய இடமுள்ள பனிக் காலணியும் போதும். கோட்டு சூட்டு அவர்கள் உடை என்றாலும், பனியில் தோல் ஷூதான் போடவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. இரண்டாவது, சாராயம் தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூடாக இருப்பதுபோல் காட்டி, உடலின் உள்சூட்டை வெளியே விட்டுவிடும். அவருடைய சபை அதை விலக்கியிருப்பது இந்த ஒரு விஷயத்தில் மருத்துவத்தோடு ஒத்துப்போகிறது.

குளிரின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் அட்டவணைப்படி, 0 ஃபாரன்ஹீட்டில், அதாவது மைனஸ் 18 செல்சியஸில், மணிக்கு 15 மைல் வேகத்தில் காற்று அடித்தால் உடல் உணர்வது மைனஸ் 28. வெளியே தெரியும் தோல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். வடக்கு டகோட்டாவில் இது அசாதாரணமான நாள் அல்ல. அந்த மாநிலத்திலேயே பார்ஷல் என்ற ஊரில் 1936 பிப்ரவரியில் மைனஸ் 51 செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் இதோடுதான் வாழ்கிறார்கள். காரின் முன்பக்கத்தில் ஒரு மின்கம்பி நாக்குபோல் தொங்கும், இரவில் அதைச் சுவரில் செருகி என்ஜினைக் கதகதப்பாக வைப்பார்கள். வடக்கே நான் கழித்த முதல் குளிர்காலத்தில், கார் ஏன் வீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு அவரைச் சிரிக்கவைத்தேன்.

ஞாயிறு ஆராதனைக்கு 70 மைல் போகிறார்கள் என்று எழுதியிருப்பதால் ஒன்று மட்டும். பனியில் கார் சிக்கினால் காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முதலில் விலக்கிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்டி, காற்றடிக்காத பக்கத்து ஜன்னலைச் சிறிது திறந்து வைக்கவேண்டும். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

அடைத்து வைத்திருக்கிறார்களா?

இல்லை. அவர் ஊதியம் வாங்காத தன்னார்வலர், வயது வந்தவர். திரும்ப விரும்பினால், அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவரிடம் சொல்லிவிட்டு எந்த நாளும் திரும்பலாம். தண்டனையோ ஒப்பந்த மீறலோ கிடையாது. அதே காரணத்தால், நீங்கள் நேரில் போய் நின்றாலும், அவர் வரமாட்டேன் என்றால் எந்தச் சட்டமும் உங்களுக்குத் துணை வராது. அவர் சேமிப்பிலிருந்து மாதந்தோறும் சபைக்குப் பணம் போவதைக் கண்டு கோபப்பட்டிருக்கிறீர்கள். 2020 ஜூலை முதல் அமெரிக்க இளம் மிஷனரிகளுக்கு மாதம் 500 டாலர். செலவு மிகுந்த நாட்டுக்குப் போனாலும் குறைந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே தொகை. அதிலிருந்துதான் வாடகைக்கும் உணவுக்கும் தருகிறார்கள். பிடிக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். மோசடி என்று சொல்ல இடமில்லை.

கூட இருப்பவரைக் காவலாளி என்று எழுதியிருக்கிறீர்கள். இருவர் இருவராக, ஒருவர் பார்வையில் மற்றவர் எப்போதும் இருக்கவேண்டும் என்பது அவர்கள் விதி. இதனால் ஒரு நிமிடத் தனிமையும் கிடைப்பதில்லை. உள்ளொடுங்கிய சுபாவமுள்ளவருக்கு அது உண்மையிலேயே பாரம்தான். ஆனால் உங்கள் மகன் காலையில் எழவில்லை என்பதை முதலில் பார்ப்பவரும் அந்த ஐடஹோ இளைஞர்தான். அவருக்கும் அதே இருட்டு, அதே பேஸ்மென்ட். அடுத்த முறை அவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். 2019 பிப்ரவரிக்கு முன்பு இவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறைதான் வீட்டோடு பேச முடியும். இப்போது வாரந்தோறும் முகம் பார்க்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் பெரிய கருவி அதுதான்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன

அழைத்து வருவது அல்லது விட்டுவிடுவது என்று இரண்டே வழி இருப்பதாக நினைக்கிறீர்கள். இடையில் பல படிகள் உண்டு. மிஷன் தலைவரோ, பெரும்பாலும் உடல்நல விஷயங்களைக் கவனிக்கும் அவர் மனைவியோ, மனநல ஆலோசகருக்கு ஏற்பாடு செய்வார்கள். சபை மிஷனரிகளுக்குக் கொடுக்கும் ஒரு கையேடே மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களாகப் பிரித்து, எந்த நிறத்தில் யாரிடம் உதவி கேட்கவேண்டும் என்று சொல்கிறது, "இப்போது எந்த நிறத்தில் இருக்கிறாய்?" என்று நீங்கள் கேட்டால் அவருக்கு உடனே புரியும். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். வெளிச்சமுள்ள மேல்மாடி வீட்டுக்கோ பெரிய ஊருக்கோ மாற்றும்படி கேட்பதில் தவறில்லை. அதுவும் போதாவிட்டால் மருத்துவக் காரணத்துக்காக வீடு திரும்பி, குணமானபின் மீண்டும் போகலாம். வீட்டிலிருந்தபடியே சமூகச் சேவை ஊழியமாக மீதிக் காலத்தை முடிக்கவும் சபையில் இடமுண்டு. சபையில் சேராத பெற்றோர் பலருக்கு இந்தக் கடைசி வழி தெரியாது.

யூட்டாவில் வசிப்பதால் இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாண்டு முடியாமல் திரும்பும் பையனை அண்டை அயல் எப்படிப் பார்க்கும் என்பது அவர் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்களும் "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்று வரவேற்றால் அவருக்கு இரண்டு பக்கமும் கதவு அடைபடும். ஆகவே 'வந்துவிடு' என்று கெஞ்சாதீர்கள். "இருந்தாலும் சரி, வந்தாலும் சரி, உன் அறை அப்படியே இருக்கிறது" என்று ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

மருத்துவச் செலவு பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்ல ஆசை, ஆனால் பார்த்துக்கொள்ளுங்கள். 26 வயது வரை அவர் உங்கள் காப்பீட்டில் இருக்கலாம். யூட்டா மருத்துவமனைகளை மட்டும் ஏற்கும் திட்டமாக இருந்தால், வடக்கு டகோட்டாவில் அவசர சிகிச்சை தவிர மற்றதற்குக் கையிலிருந்து கட்டவேண்டி வரலாம். அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு இன்றே பேசுங்கள். மருத்துவர் அவருடைய அனுமதியின்றி உங்களிடம் எதையும் சொல்லமாட்டார், அதற்கு மகன் ஒரு படிவத்தில் கையெழுத்திடவேண்டும். நீங்கள் பார்த்ததை மருத்துவரிடம் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. மகனுக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள், அவ்வளவுதான். கிராமப்புற கிளினிக்கில் ஒரு தமிழ் மருத்துவரே எதிரில் உட்கார்ந்திருந்தாலும் வியக்க வேண்டாம். மருத்துவர் கிடைக்காத ஊர்களில் வேலை செய்யும் வெளிநாட்டு மருத்துவர்களுக்கு, பயிற்சி முடிந்ததும் இரண்டாண்டு சொந்த நாடு திரும்பவேண்டும் என்ற விசா நிபந்தனையிலிருந்து விலக்கு தரும் திட்டம், அதைக் கொண்டுவந்த அப்போதைய வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் பெயரில்தான் வழங்குகிறது.

ஒரு கேள்வியை மட்டும் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுங்கள்: "சாகலாம்போல் தோன்றுகிறதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறோம், அப்படி நடப்பதில்லை. ஆம் என்றாலோ, பதில் மழுப்பலாக இருந்தாலோ, 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண் அமெரிக்கா முழுவதும் இரவு பகலாக இயங்குகிறது. மிஷன் தலைவரையும் அந்த நிமிடமே அழையுங்கள். அப்போது யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

மார்ச், ஏப்ரலில் பகல் நீள நீள அவர் தானாகவே தெளியக்கூடும். அப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அவருக்கு அங்கே இன்னொரு குளிர்காலம் பாக்கியிருக்கிறது; இந்த வகைச் சோர்வு ஆண்டுதோறும் திரும்பி வரும். விளக்கைச் செப்டம்பர் கடைசியிலேயே மேசைக்குக் கொண்டுவரவேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டு வேளை உபவாசம் இருப்பது அவர்கள் வழக்கம். உடல்நலம் சரியில்லாதவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு என்பதை அவரே அறிவார், நீங்கள் நினைவூட்டினால் போதும்.

பார்சலில் தேங்காயெண்ணெய் அனுப்பியிருந்தீர்கள். அது 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். அந்தப் பேஸ்மென்டில் அவர் அதைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருப்பார். வெடித்த உதட்டுக்கும் கைக்கும் வாசலின் அனுப்புங்கள், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்புங்கள். டீ, காபி இரண்டும் அவர்களுக்கு விலக்கு. மூலிகைக் கஷாயம் விலக்கல்ல. சுக்கும் மல்லியும் வறுத்துப் பொடித்து, கருப்பட்டி ஒரு துண்டு சேர்த்து அனுப்பினால் அவர் தாராளமாகக் குடிக்கலாம், அந்த ஐடஹோ பையனுக்கும் கொடுக்கலாம்.

வரும் திங்களன்று அவரிடம் காலையில் எத்தனை மணிக்கு எழ முடிகிறது, எழுந்ததும் எப்படி இருக்கிறது என்ற இரண்டை மட்டும் கேட்டு, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எனக்கு எழுதுங்கள்.